நிறுத்தி வைத்த கப்பலும் இரண்டு கையெழுத்துகளும்

கப்பல் கெட்டுப் போயிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். கெடாமல் இருந்ததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

இருபத்தாறு வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக வேலை பார்த்து, சீஃப் இன்ஜினியராகி, மாடம்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டு கரையேறியவன் நான். ஓய்வு என்று பேர்தான். அவ்வப்போது ஏதாவது கப்பல் கம்பெனி கூப்பிடும். அப்படித்தான் இரண்டு வருடங்களுக்கு முன்பு நாவலூரில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு சின்னக் கம்பெனி கூப்பிட்டது. சரக்கு கிடைக்காத காலத்தில் அவர்கள் தங்கள் கப்பல் ஒன்றை, துறைமுகத்தின் ஒதுக்குப்புறத்தில் கட்டி நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடம் ஆகியிருந்தது. இப்போது சிமென்ட் ஏற்றும் ஒப்பந்தம் வந்திருக்கிறது. கப்பலை எழுப்பி, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, ஆய்வாளரிடம் காட்டிச் சான்று வாங்கித் தர வேண்டும். ஆறு வாரம் தந்தார்கள்.

நின்ற கப்பல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இயந்திரம் இருந்த இடத்திலேயே இறுகிப்போயிருக்கும். மோட்டார்களில் ஈரம் ஏறியிருக்கும். செம்புக் குழாய்களை யாராவது அறுத்து விற்றிருப்பார்கள். நான் அப்படிப்பட்ட மூன்று கப்பல்களைப் பார்த்திருக்கிறேன். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலில் போகும்போதே மனதுக்குள் குறைகளின் பட்டியலைப் போட்டுக்கொண்டு போனேன்.

ஏணியின் மேல்படியில் ஒருவர் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் காய்ந்த ஒல்லியான உடம்பு, துவைத்துத் துவைத்து வெளுத்த நீல பாய்லர் சூட். இன்ஜின் அறையில் எண்ணெய் போடும் ஆயில்மேன். கப்பலை நிறுத்தியபோது காவலுக்கும் பராமரிப்புக்கும் இரண்டு பேரை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அவர்களில் ஒருவர்.

“வணக்கம் சீஃப் சார். வாங்க, படி வழுக்கும், பாத்து.”

கீழே இறங்கினேன். இன்ஜின் அறையின் தரைத்தகடுகள் துடைத்துப் பளிச்சென்று இருந்தன. விளக்குகள் எரிந்தன. பெரிய இன்ஜினின் பக்க மூடியைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். சுழல்தண்டு பளபளவென்று எண்ணெய் பூசிக்கொண்டு கிடந்தது. ஒரே இடத்தில் நின்றுவிட்ட தண்டில் ஒரு கறைக்கோடு விழும். விரலால் தடவிப் பார்த்தேன். கோடு இல்லை.

“எப்போ துடைச்சீங்க?” என்றேன்.

“தொடைக்கல சார். வாராவாரம் சுத்தி வுடுவேன். எயிதி வெச்சிகீறேன்.”

பதிவேடுகளைக் கொண்டுவந்து வைத்தார். மூன்று வருடத்துக்கு நான்கு தடிமனான நோட்டுகள். இன்ஜினைச் சுற்றிய தேதி, மோட்டார்களில் ஈரம் பார்த்த அளவுகள், கப்பலின் அடியில் தேங்கிய தண்ணீரின் ஆழம், எல்லாம் ஒரு நாள் விடாமல் இருந்தன. ஒவ்வொரு நாளின் கீழும் இரண்டு கையெழுத்து. ஒன்று அவருடையது. இன்னொன்று கூட இருந்த ஃபிட்டருடையது.

ஒரு நாள்கூட விடாத பதிவேட்டை நான் என் வாழ்நாளில் நம்பியதில்லை.

மூன்று நாள் அந்த நோட்டுகளோடு உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது, கையெழுத்து. முதல் ஆறு மாதம் ஃபிட்டரின் கையெழுத்து வலது பக்கம் சாய்ந்து ஓடியது. அதற்குப் பிறகு நிமிர்ந்துவிட்டது. கடைசியில் வரும் சுழி, ஆயில்மேனின் கையெழுத்தில் வரும் அதே சுழி. இரண்டையும் ஒரே கை போட்டிருந்தது.

அடுத்தது, வட்டங்கள். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம். வாரத்துக்கு இரண்டு, தவறாமல், இரண்டரை வருடமாக.

வாசல் காவலர்களிடம் போய் அவர்களுடைய வருகைப் பதிவைக் கேட்டேன். எனக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. தலை நரைத்தவன் என்பதால் காட்டினார்கள். வட்டம் போட்ட நாட்களிலெல்லாம் காலை பத்து மணிக்கு ஆயில்மேன் ஒரு பையோடு வெளியே போயிருக்கிறார். மூன்று மணிவாக்கில் திரும்பியிருக்கிறார். ஃபிட்டரின் பெயர் இரண்டரை வருடமாக அந்தப் பதிவில் எங்குமே இல்லை. போகவும் இல்லை, வரவும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். என் மனைவி சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். விடைத்தாள் கட்டைத் திருத்திக்கொண்டே கேட்டாள்.

“கப்பல்ல ஏதாவது காணாமப் போயிருக்கா?”

“இன்னும் தெரியல.”

“காணாமப் போகலன்னா, என்ன திருடியிருப்பான்னு நினைக்கறீங்க?”

“அதைத்தான் கண்டுபிடிக்கணும்.”

“காஸை மூடிட்டு மூணு தடவை போய்ப் பார்க்கறவர் நீங்க,” என்றாள். “அந்த ஆள்கிட்ட நேராக் கேளுங்களேன்.”

கேட்டேன். ஆனால் நான் கேட்ட விதம், அவள் சொன்ன விதம் இல்லை.

மறுநாள் காலை கட்டுப்பாட்டு அறையில் அவரை நிற்க வைத்துவிட்டு, நான் உட்கார்ந்திருந்தேன். நோட்டு திறந்திருந்தது.

“ஃபிட்டர் எங்கே?”

“லீவுல கீறாரு சார்.”

“எப்போலேர்ந்து?”

அவர் கையிலிருந்த துணியை மடித்தார்.

“இது யார் கையெழுத்து?”

அவர் நோட்டைப் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்தார்.

“செவ்வாய், வெள்ளி பையில என்ன எடுத்துட்டுப் போறே?”

அதுவரை ‘நீங்க’ என்று பேசிக்கொண்டிருந்தவன் எந்த இடத்தில் ‘நீ’க்கு இறங்கினேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கினார்.

“சோறு சார்,” என்றார்.

“சோத்துக்கு எதுக்கு வட்டம்?”

பதில் சொல்லாதவன் குற்றவாளி என்பது ஒரு சௌகரியமான முடிவு. எனக்கு அது போதுமாக இருந்தது. நான்கு பக்கங்களைப் படம் எடுத்து நாவலூர் ஆபீஸுக்கு அனுப்பினேன். பதிவுகளை நம்ப முடியாது, எல்லா இயந்திரங்களையும் திறந்து பார்க்க வேண்டும், காவலுக்கு இருப்பவர்மேல் சந்தேகம் இருக்கிறது, இரண்டாவது ஆள் கப்பலிலேயே இல்லை என்று எழுதினேன். எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆபீஸ் மறுநாளே இரண்டு பெயரையும் நீக்கிவிட்டது. இவ்வளவு வேகமாக அந்த ஆபீஸ் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அப்போதே அது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

ஆயில்மேன் ஒரு பாயையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். ஒவ்வொரு சாவிக்கும் துணியில் பேர் எழுதிக் கட்டியிருந்தது. ஏணியில் இரண்டு படி இறங்கியவர் திரும்பி மேலே பார்த்தார்.

“சார், கடல்தண்ணி வர்ற பெரிய வால்வு, வலது பக்கம் கீறது. அத்த இடது பக்கம் திருப்புனாத்தான் மூடும். யாரோ முன்னாடியே மாத்திப் பூட்டிக்கீறாங்க. மறந்துடாதீங்க.”

எல்லா வால்வும் வலது பக்கம் திருப்பினால்தான் மூடும். வேலையை விட்டுத் துரத்தப்பட்ட ஒருவன் போகும்போது இப்படி ஒன்றைச் சொன்னால் என்ன அர்த்தம்? என்னைக் கொண்டு கப்பலுக்குள் தண்ணீர் விட வைக்கப் பார்க்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்போது இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கம் வரவில்லை.

பட்டறை ஆட்கள் ஆறு பேர் வந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்தோம். பதிவேட்டில் ஓர் இடத்தில், சுக்கான் மோட்டாரில் ஈரம் ஏறிவிட்டது, உள்ளே பல்பு போட்டு நான்கு நாள் காய வைத்தேன் என்று எழுதியிருந்தது. மூடியைக் கழற்றினோம். அறுபது வாட் பல்பு ஒன்று சணல் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னோர் இடத்தில், இரண்டாவது ஜெனரேட்டரில் ஸ்பிரிங் உடைந்தது, பழைய சாமானிலிருந்து எடுத்து மாட்டினேன் என்று இருந்தது. திறந்தோம். மற்ற ஸ்பிரிங்குகள் கறுப்பு. ஒன்று மட்டும் பச்சை பெயின்ட் அடித்தது.

பட்டறை மேஸ்திரி சிரித்தார். “யார் சார் இதைப் பாத்துக்கினது? கைல வெச்சுத் தாங்கிக்கீறான்.”

இதெல்லாம் உண்மையாக இருந்தால் திருட்டு வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்தேன். சாமான் அறையில் ஒவ்வொரு பொருளாக எண்ண வைத்தேன். எல்லாம் இருந்தது. எல்லாம் இருந்ததே சந்தேகமாக இருந்தது.

மூன்றாவது வாரம், கடல்தண்ணீர் வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிய நாள். கடலிலிருந்து குளிர்விக்கும் தண்ணீர் கப்பலுக்குள் வரும் வழி அது. முதலில் பெரிய வால்வை மூட வேண்டும். மேஸ்திரி சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“வலது பக்கம்,” என்றேன்.

சக்கரம் கொஞ்சம் சுற்றி நின்றது. வடிகட்டியின் மேலிருந்த சின்னக் காற்றுத் திருகைத் திறந்து பார்த்தோம், தண்ணீர் வரவில்லை. மூடிவிட்டது என்று அர்த்தம். அந்தத் திருகின் துளையைச் சிப்பி அடைத்துக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. வடிகட்டி மூடியின் போல்ட்டுகளைத் தளர்த்தினார்கள். நான்காவது போல்ட் தளர்ந்ததும் மூடி ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டது. தூண் மாதிரி தண்ணீர் அடித்தது. பக்கத்தில் நின்ற ஆளை அது சுவரில் கொண்டுபோய்ச் சாத்தியது. சத்தத்தில் யார் என்ன கத்துகிறார்கள் என்றே கேட்கவில்லை. இரண்டு பேர் மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தும் அது அமரவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

“எமர்ஜென்சி பம்ப்!” என்று கத்தினேன். கத்தும்போதே ஆயில்மேன் ஏணியில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது.

தண்ணீருக்குள் கையை விட்டுச் சக்கரத்தைப் பிடித்து இடது பக்கம் இழுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. தண்ணீரின் சத்தம் குறைந்தது. இன்னும் நாலு சுற்று. நின்றது.

யாருக்கும் பெரிய அடி இல்லை. மேஸ்திரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வால்வையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “உல்ட்டாவா சார்? தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியும்,” என்றேன்.

மறுநாள் காலையில் காரை எடுத்துக்கொண்டு மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறங்கினேன். ஆயில்மேனின் கோப்பில் ஒரு மீனவக் குப்பத்தின் முகவரி இருந்தது. விசாரித்துக்கொண்டு போனபோது ஒவ்வொருவரும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு காரில் வந்து ஒருவன் பேர் சொல்லிக் கேட்டால், அந்தப் பக்கத்தில் யாரும் லேசில் வீட்டைக் காட்ட மாட்டார்கள். ஒரு பெண்மணி வாசலில் உட்கார்ந்து மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆயில்மேனின் தங்கை.

“அண்ணன் இல்ல. கடலுக்குப் போய்கீது. நீங்க யாரு? கப்பல் ஆபீஸா?”

நான் ஆமாம் என்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “வரச் சொல்லு.”

கட்டிலில் ஒரு மனிதர் சாய்ந்திருந்தார். கால்கள் வீங்கியிருந்தன. முழங்கைக்குக் கீழே, ஊசி குத்திக் குத்தித் தடித்த நரம்பு. அவர் தன் பேரைச் சொன்னார். அந்தப் பேரைத்தான் நான் ஆயிரம் தடவை நோட்டில் பார்த்திருந்தேன். ஃபிட்டர். ஆயில்மேனின் தங்கை புருஷன்.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. கப்பலில் காவலுக்கு ஏறிய ஆறாவது மாதம் மயங்கி விழுந்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறை இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டை பாரிமுனைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் செல்லும். வேலைப் பட்டியலில் பேர் இருக்கிறவரைதான் அட்டை.

“செவ்வாய், வெள்ளி நான் பஸ்ல வந்துடுவேன்,” என்றார். “மச்சான் கப்பல்லேர்ந்து வந்து கூட ஒக்காரும். முடிஞ்சப்புறம் தலை சுத்தும், தனியா பஸ் ஏற முடியாது. அது சோறு கட்டி எட்தாரும். ஏத்தி வுட்டுட்டுப் போவும்.”

ஆயில்மேன் பத்து மணிக்கு மேல் கரை திரும்பினார். என்னைப் பார்த்ததும் வலையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அப்படியே நின்றார்.

“வால்வு இன்னா ஆச்சு?” என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

“வலது பக்கம் திருப்பிட்டேன்.”

“ஆளுக்கு ஒண்ணும் இல்லியே?”

“இல்ல.”

அதற்குப் பிறகுதான் வலையைக் கீழே வைத்தார். நான் வட்டங்களைப் பற்றிக் கேட்டேன். இந்த முறை நானும் நின்றுகொண்டுதான் கேட்டேன், ‘நீங்க’ என்றுதான் கேட்டேன்.

“அந்த அஞ்சு மணி நேரம் கப்பல்ல யாரும் இல்ல சார். தப்புதான். நான் இல்லாதப்போ ஏதாச்சும் ஆயிட்டா, எப்போ ஆச்சுன்னு பின்னால பாக்கறவனுக்குத் தெரியணும் இல்ல? அதுக்குத்தான் போட்டு வெச்சேன்.”

கையெழுத்தைப் பொய்யாகப் போட்ட அதே மனிதர், தான் இல்லாத நேரத்தை மறைக்காமல் குறித்து வைத்திருக்கிறார். இதை என்னவென்று சொல்வது? ஆளில்லாத கப்பலில் தீ பிடித்திருந்தால் பக்கத்துக் கப்பலும் சேர்ந்து எரிந்திருக்கும். அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

அங்கிருந்து நேராக நாவலூர் ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் என்னைவிட இருபது வயது சின்னவர். காபி வரவழைத்தார்.

“சார், ரிப்போர்ட் நீங்க எழுதினதுதானே? சிக்னேச்சர் ஃபோர்ஜரி உண்மைதானே?”

“உண்மை. ஆனா கப்பலை அந்த ஆள் ஒழுங்கா வெச்சிருந்தார். அதையும் எழுதித் தரேன்.”

“தாங்க, ஃபைல்ல வெச்சுக்கறோம். பட், பேரைத் திரும்பச் சேர்க்க முடியாது. ரெண்டாவது ஆள் விஷயத்துல சான்ஸே இல்ல சார்.”

அவர் பேசிய விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது. ஃபிட்டரின் நோயைப் பற்றி நான் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. ஆஸ்பத்திரிப் பில்கள் எல்லாம் யார் மேஜைக்கு வந்திருக்கும்? முன்பே தெரிந்துகொண்டு ஒரு காரணத்துக்காகக் காத்திருந்தார்களோ, என்னை அனுப்பியதிலேயே அதுவும் ஒரு வேலையோ என்று நினைத்தேன். இன்றுவரை தெரியாது. என் புத்தி போகிற போக்கு அப்படி.

“அப்போ ஒண்ணு,” என்றேன். “அடுத்த வாரம் ஆய்வாளர் வர்றார். அந்த ஆயில்மேன் இல்லாம நான் இன்ஜினை ஸ்டார்ட் பண்ண மாட்டேன். எந்த வால்வு எந்தப் பக்கம் திரும்பும்னு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். வேற சீஃப் பார்த்துக்கோங்க.”

மேனேஜர் காபியைக் கீழே வைத்தார். இரண்டு நாள் இழுத்துவிட்டு, ஆயில்மேனைப் புதிதாக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஃபிட்டரின் அட்டை போனது போனதுதான்.

அதற்குப் பிறகு நான்கு வாரம், செவ்வாயும் வெள்ளியும் ஃபிட்டரை என் காரில் அழைத்துப் போனேன். மாடம்பாக்கத்தில் என் மனைவிக்குத் தெரிந்த ஒரு சின்ன டயாலிசிஸ் மையத்தில் ஏற்பாடு செய்தோம். அரசு ஆஸ்பத்திரியில் இடம் வாங்க விண்ணப்பம், வருமானச் சான்று, மருத்துவர் கடிதம் எல்லாவற்றுக்கும் அவள் பள்ளி முடிந்து அலைந்தாள். “அன்னிக்கே அவர்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம்” என்று ஒரு தடவை சொன்னாள். அதோடு விட்டுவிட்டாள்.

காரில் ஃபிட்டர் பின் சீட்டில்தான் உட்காருவார். கண்ணாடியில் பார்த்தால் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, வேளச்சேரி மெயின் ரோட்டு நெரிசலில் நிற்கும்போது கேட்டார்.

“இத்தெல்லாம் எதுக்கு சார் செய்றீங்கோ? எதுலனா கையெழுத்து போடணுமா நானு?”

“இல்லைங்க. ஒண்ணும் வேணாம்.”

அவர் நம்பவில்லை. நானும் அவர் இடத்தில் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்த அன்று ஆய்வாளர், மேஸ்திரி, புதிதாக வந்த மாலுமிகள் எல்லோரும் கீழே கூடியிருந்தார்கள். ஆயில்மேன் ஒரு துணியைக் கையில் சுற்றிக்கொண்டு இன்ஜினின் மறுபக்கம் நின்றார். இன்ஜினைக் கிளப்ப அழுத்தக் காற்று கொடுத்தோம். ஒரு பெரிய இருமல், கறுப்புப் புகை, ஒரு நடுக்கம். பிறகு பிடித்துக்கொண்டது. மூன்று வருடம் நின்ற இன்ஜின் முதல் முறையிலேயே பிடித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. ஒவ்வொரு சிலிண்டராகக் கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே போனார். என்னைக் கடக்கும்போது நின்றார்.

“நாலாவது கொஞ்சம் லேட்டா சூடேறும் சார். பயந்துக்காதீங்க.”

நான்காவது சிலிண்டரில் கையை வைத்துப் பார்க்காமல், “சரிங்க” என்றேன். அந்த வயதில் எனக்கு அது பெரிய வேலையாக இருந்தது.

கப்பல் ஒரு வியாழக்கிழமை மதியம் கிளம்பியது. உண்மையிலேயே சிமென்ட் ஏற்றத்தான் போகிறதா, இல்லை பழைய கப்பல்களை உடைக்கிற கரைக்கா என்ற சந்தேகம் எனக்குக் கடைசிவரை இருந்தது. ஆயில்மேன் கீழே இன்ஜின் அறையில் இருந்ததால் பார்க்க முடியவில்லை. இழுவைப் படகு விட்டு விலகி, அது தன் சொந்த வேகத்தில் துறைமுக வாயிலைத் தாண்டும்வரை துறையில் நின்றேன். பிறகு கைபேசியில் தினமும் அது எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். விசாகப்பட்டினம் போனது, திரும்பியது, தூத்துக்குடி போனது. ஓடுகிறது.

கிளம்பிய அடுத்த வாரம், திங்கட்கிழமை காலை, ஃபிட்டரின் மனைவி போன் செய்தார். பின்னால் மீன் ஏலம் போடும் சத்தம் கேட்டது.

“சார், கவருமெண்டு ஆஸ்பத்திரில எடம் கெட்ச்சிடுச்சி. டீச்சரம்மா கையில சொல்லிடுங்கோ. நாளைக்கு நீங்க வர வாணாம்.”

“நல்லதும்மா. கூட்டிட்டுப் போக நான் வரட்டுமா? கார்ல...”

“வாணாம் சார். நானே இட்டுகினு போறேன். இனிமே நீங்க வர வாணாம்.”

போனை வைத்துவிட்டார். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று சொன்னாரா, இல்லை என் முகத்தில் இனி விழிக்க வேண்டாம் என்று சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பக் கூப்பிட்டுக் கேட்க இரண்டு முறை போனை எடுத்தேன். கேட்கவில்லை.